காயிலில் ஓட்டை: அடைப்பதா, மாற்றுவதா, புது ஏசி வாங்குவதா?

"கேஸ் போயிடுச்சு சார், டாப்-அப் பண்ணிடலாம்." சென்னையில் ஏசி வைத்திருக்கும் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் அல்ல; ஓட ஓடத் தீராது. அறைக்குள் இருக்கும் இன்டோர் பெட்டிக்கும் வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டிக்கும் இடையே மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. இரண்டு பெட்டியிலும் அந்தக் குழாய் அலுமினியத் தகடுகளுக்குள் மடங்கி மடங்கி ஓடும் பகுதிதான் காயில்; இன்டோரில் இருப்பது கூலிங் காயில். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. எந்த ஓட்டை, எங்கே என்று தெரியாமல் ரிப்பேரா புதுசா என்று விவாதிப்பதில் அர்த்தமே இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறை ஜில்லென்று இல்லை, பிசுபிசுக்கிறது, இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றரை டன் ஏசி ஈரமான காற்றிலிருந்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் பிழியும். அந்தத் தண்ணீர் போகும் டிரெயின் பைப்பில் பாசியும் தூசியும் கூழாகி அடைத்துக்கொண்டால் சுவர் நனையும். கூலிங் காயிலில் தூசி படிந்தால் காற்று போகாது. காயில் பனிக்கட்டி கட்டும். அதைப் பார்த்ததும் "கேஸ் கம்மி" என்பார்கள். கேஸ் குறைந்தாலும் பனி கட்டும் என்பதால் பார்வையை மட்டும் நம்ப முடியாது. முதலில் ஃபில்டரையும் காயிலையும் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பிறகும் காயிலின் ஒரு மூலை மட்டும் குளிர்ந்து மற்ற பகுதி வெதுவெதுப்பாக இருந்தால், அல்லது அவுட்டோரின் மெல்லிய குழாயில் பனி பூத்தால், அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம்.

சரி, கேஸ் குறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதிரே நான்கு வழிகள் வைக்கப்படும்: கேஸை மட்டும் நிரப்புவது, ஓட்டையைப் பிரேசிங் செய்து (டார்ச் சூட்டில் உலோகத்தை உருக்கி) அடைப்பது, காயிலை மாற்றுவது, ஏசியையே மாற்றுவது. சென்னையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்கு இன்று கேட்கப்படும் விலையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் டாப்-அப் 2,000 முதல் 3,000 ரூபாய். பிரேசிங், முழு கேஸ் சேர்த்து 4,000 முதல் 6,000. காயில் மாற்ற 9,000 முதல் 14,000. நல்ல 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி 42,000-க்கு மேல், மாட்டும் கூலி தனி. ஏரியாவைப் பொறுத்தும் பிராண்டைப் பொறுத்தும் இது ஏறும், இறங்கும். விலை வரிசை மட்டும் மாறாது, அதனால்தான் பலரும் முதல் வழியிலேயே விழுகிறார்கள்.

முதல் வழியை நான் ரிப்பேர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஓட்டை அப்படியே இருக்க, கேஸை ஊற்றிவிட்டுப் போனால் அடுத்த கோடையிலோ அடுத்த மாதத்திலோ அதே ஆள் அதே சிலிண்டரோடு வருவார். பணம் மட்டுமா போகிறது? கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் மோட்டார் குளிர்வதே திரும்பி வரும் கேஸால்தான். குறைந்த கேஸோடு மாதக்கணக்கில் ஓடும் கம்ப்ரஸர் சூடேறி, ஆயிலைக் கருக்கி, ஒருநாள் நின்றுவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது அப்போது 15,000-க்குப் போகும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவில் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் கசிவு இருந்தால், குழாயின் வாயைப் புதிதாக விரித்து (ஃபிளேர் அடித்து) இறுக்கிவிட்டு கேஸ் நிரப்புவது முழுமையான ரிப்பேர்தான். கசிவுகளில் மிக மலிவானதும் இதுதான். சோப்பு நுரை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். இதைப் பார்க்காமலேயே "காயில் போச்சு" என்று சொல்பவரிடம் நட்டை நுரை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உண்மையான போட்டி பிரேசிங்குக்கும் காயில் மாற்றத்துக்கும் இடையில்தான். அதை முடிவு செய்வது ஓட்டை எதனால் வந்தது என்பது.

கடலோரத்தில் அவுட்டோர் காயில் எப்படிச் சாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கடற்காற்றில் வரும் உப்பு, தகடுகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. ஆக, மழையே பெய்யாவிட்டாலும் காயில் இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். முதலில் தேய்வது அலுமினியம். வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தொட்டாலே தகடு நொறுங்கும். இந்தக் கட்டத்தில் கேஸ் ஒரு துளிகூடப் போயிருக்காது, ஆனால் சூட்டை வெளியே தள்ளத் தகடு இல்லாததால் கரண்ட் பில் ஏறிக் குளிர்ச்சி இறங்கும். செம்பு பொத்துக்கொள்வது அதன் பிறகு.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, சாந்தோம், ராயபுரம், எண்ணூர் பகுதிகளில் கடலைப் பார்த்த பால்கனியில் இருக்கும் அவுட்டோர், கோயம்புத்தூரில் இருக்கும் அதே மாடலின் பாதி ஆயுளைக்கூட எட்டாமல் போவது சாதாரணம். கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே உப்பின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஒன்று கவனித்திருக்கிறேன்: வெயில் மழை படாமல் மேலே ஷீட் போட்டு மூடிய அவுட்டோர்களில்தான் அரிப்பு அதிகம். மழை படும் பக்கத்தை மழையே கழுவிவிடுகிறது. மறைவான பக்கத்தில் உப்பு தேங்குகிறது. கூரை போடுவது தப்பில்லை, போட்டால் கழுவும் வேலை நம்முடையது.

இன்டோர் காயிலுக்கு வரும் நோய் வேறு. பிளைவுட் ஒட்டும் பசை, பெயிண்ட், வினிகர் கலந்த கிளீனர் ஆகியவற்றிலிருந்து வரும் ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவிகள் ஈரமான செம்பில் படிந்து எறும்புப் புற்றுபோல நுணுக்கமான துளைகளைக் குடையும். வெளியில் பார்த்தால் ஊசிமுனை அளவுகூடத் தெரியாது. உள்ளே கிளைகிளையாக ஓடியிருக்கும். புதிதாக இன்டீரியர் செய்த ஃபிளாட்டில் இரண்டே வருடத்தில் கூலிங் காயில் பொத்துக்கொண்டால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் மூன்றாவது எதிரி ஒன்று உண்டு. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்க வைக்கும். காயிலோடு நிற்காமல் இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி என்னும் கன்ட்ரோல் போர்டையும் சேர்த்துத் தின்னும்.

இப்போது முடிவு எளிது. ஓட்டை ஒன்று, அதற்குத் தெளிவான காரணம் ஒன்று என்றால் பிரேசிங் போதும். குழாய் ஸ்டீல் பிளேட்டில் உரசித் தேய்ந்தது, பழைய பிரேசிங் ஜாயின்ட் விட்டுப்போனது, மாட்டும்போது குழாய் மடங்கியது ஆகியவை இந்த வகை. சுற்றியுள்ள செம்பு திடமாக இருப்பதால் அடைத்த இடம் மறுபடி தொல்லை தராது. காயில் முழுக்கப் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ பூத்திருந்தால், அல்லது ஓட்டை காயிலின் நடுவில் தகடுகளுக்குள் இருந்தால், பிரேசிங் வீண். ஒன்றை அடைத்த சூட்டிலேயே பக்கத்தில் மெலிந்துபோன குழாய் அடுத்துப் பொத்துக்கொள்ளும். எறும்புப் புற்று அரிப்பை அடைக்கவே முடியாது. எத்தனை துளை என்று யாருக்கும் தெரியாது. அலுமினிய மைக்ரோசேனல் காயில் (செம்பே இல்லாமல், நுண்ணிய வழிகள் உள்ள தட்டை அலுமினியக் குழாயால் ஆனது) உள்ள மாடல்களிலும் ரிப்பேர் செய்தேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. காயிலை மாற்றுவதுதான் வழி.

காயிலை மாற்றுவது என்று முடிவானால் அசல் காயில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். லோக்கலில் செய்த காயிலில் குழாயின் கனமும் தகட்டின் பூச்சும் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நீல நிறப் பூச்சு உள்ள தகடு வெறும் அலுமினியத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கடலோர வீட்டுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. எபாக்ஸி பூச்சை ஃபேக்டரியிலேயே முக்கி எடுத்த காயில் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். மாட்டிய பிறகு ஸ்ப்ரே கேனால் அடிக்கும் கோட்டிங் தகடுகளின் ஆழத்துக்குப் போகாது, மனத்திருப்திதான் மிஞ்சும்.

பிரேசிங்கோ காயிலோ, வேலை நடக்கும் விதத்தில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் இது இரண்டு மடங்கு உண்மை. பழைய ஆர்-22 என்ற கேஸ் ஓடும் ஏசிகளில் கம்ப்ரஸருக்கு மினரல் ஆயில். அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. அதன்பின் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் ஏசிகளில் இருக்கும் பிஓஇ என்ற செயற்கை ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் ஆயிலைச் சிதைத்து அமிலமாக்கும். அமிலம் கம்ப்ரஸர் சுருளை அரிக்கும். அடைமழையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஆளிடம் வேலை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். செய்ய வேண்டிய முறை இது: இருக்கும் கேஸை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே பிரேசிங், பிறகு நைட்ரஜன் அழுத்தத்தில் நிறுத்திக் கசிவு பார்ப்பது, அப்புறம் வேக்குவம் பம்ப் போட்டு 500 மைக்ரான் (உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு) வரை இறக்கி, பம்பை நிறுத்தியும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் நேம் பிளேட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு எடை மெஷினில் வைத்து கேஸ் ஏற்றுவது. "கொஞ்சம் கேஸ் விட்டுக் காற்றை வெளியே தள்ளிட்டேன், வேக்குவம் வேண்டாம்" என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த பெயர். அழுத்தம் பார்க்க ஆக்ஸிஜன் சிலிண்டரைச் செருகுவது அதைவிட மோசம். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ், ஆர்-290 என்பது புரொப்பேனேதான். இரண்டிலும் கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் டார்ச் காட்டவே கூடாது.

மேலே சொன்னதைச் செய்பவர் 1,500 ரூபாய் அதிகம் கேட்டால் கொடுத்துவிடலாம். நைட்ரஜன் சிலிண்டரும் வேக்குவம் கேஜும் வண்டியில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இனி நான்காவது வழி. புது ஏசி வாங்கச் சொல்லும் விற்பனையாளரின் முதல் வாதம் கரண்ட் மிச்சம். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்டார் லேபிளில் இருக்கும் வருட யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. ஒரு படுக்கையறை ஏசி, இரவு 8 மணி நேரம், வருடத்தில் 200 இரவு ஓடினால் அதுவேதான். பத்து வருடப் பழைய ஒன்றரை டன் 3 ஸ்டார் ஏசிக்கும் இன்றைய 5 ஸ்டாருக்கும் வித்தியாசம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 400 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,200 ரூபாய். காயில் மாற்ற 11,000, புது ஏசிக்கு 46,000 என்றால் இடையில் இருக்கும் 35,000-ஐக் கரண்டில் மட்டும் திரும்ப எடுக்கப் பத்து வருடத்துக்கு மேலாகும். கடலோரத்தில் அந்தப் புது ஏசியின் காயிலே பத்து வருடம் இருக்குமா என்பது வேறு கேள்வி. ஆக, வீட்டுப் படுக்கையறைக்குக் கரண்ட் மிச்சத்தைக் காட்டி ஓடுகிற ஏசியைத் தூக்கிப் போடச் சொல்வது எடுபடாத வாதம். உங்கள் பில் 500 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஊசலாடுகிறது என்றால் மட்டும் கணக்கு சற்று மாறும். 500-க்குள் அடங்கினால் கீழ் ஸ்லாபுகளில் வரும் யூனிட்டுகளின் விலையும் குறைவதால் மிச்சம் பெரிதாகும்.

ஆனால் கேஸ் எது என்பது வேறு பக்கம் தள்ளும். உங்கள் ஏசி ஆர்-22 என்றால், காயில் மாற்றும் அளவுக்குப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் வந்த மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி இந்தியா போன்ற நாடுகள் இந்த வகை கேஸின் அளவை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைத்து, 2030-ல் அநேகமாக நிறுத்த வேண்டும். அதன்பின் பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் சிறு அளவு. கேஸ் அரிதாக அரிதாகக் கலப்படம் வரும்; எரியும் கேஸை ஆர்-22 சிலிண்டரிலிருந்து வருவதுபோல ஏற்றிவிடும் ஆபத்தும் வரும். ஃபிளேர் நட் ரிப்பேரோ சின்ன பிரேசிங்கோ என்றால் செய்து இன்னும் இரண்டு கோடை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். புதுசு மாட்டும்போது சுவருக்குள் புதைத்த பழைய செம்புக் குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆர்-22-ஐவிட ஆர்-32 ஓடும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய குழாயில் மினரல் ஆயிலும் ஒட்டியிருக்கும். குழாயையும் மாற்றிவிடுவதே நல்லது, அந்தச் செலவையும் 46,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்-410ஏ, ஆர்-32 ஏசியில் வயது ஏழுக்குள், கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, போவது காயில் மட்டும் என்றால் தயங்காமல் காயிலை மாற்றலாம். காயிலோடு பிசிபியும் போயிருந்தால் புதுசு. கம்ப்ரஸரும் காயிலும் சேர்ந்து போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். வாங்கும்போது "10 வருட வாரண்டி" என்ற கொட்டை எழுத்து பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும் என்பதைப் படியுங்கள். காயிலுக்கு எத்தனை வருடம், கடலோர அரிப்பு அதில் சேருமா என்பது பொடி எழுத்தில் இருக்கும். அதைக் காட்டிப் பேசினால் கடைக்காரர் முகம் மாறும், அது வேறு விஷயம். வாடகை வீட்டில் இருப்பவர் சொந்த ஏசிக்குக் காயில் மாற்றலாம், வீட்டுக்காரர் ஏசிக்கு வேண்டாம்.

கடை, கிளினிக், ஓட்டல்களுக்கு இதே கணக்கு தலைகீழ். நாளுக்கு 11 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 3,300 மணி நேரம். மிச்சம் 800 யூனிட்டுக்கு மேல். வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்றால் வருடம் 8,000. நான்கரை வருடத்துக்குள் புதுசின் கூடுதல் விலை திரும்பிவிடும். பழசை மாற்றச் சொல்லும் வாதம் இங்கே நியாயமானது. இதில் சேராத பெரிய செலவு, ஏசி நின்ற நாளில் திரும்பிப்போகும் வாடிக்கையாளர். அதனால் மூன்று கேசட் (சீலிங்கில் பதிக்கும் ஏசி) இருக்கும் கிளினிக்கில் மூன்றையும் ஒரே வருடத்தில் மாற்றாமல், மோசமானதை மாற்றிவிட்டு அதன் நல்ல உதிரிகளை மற்ற இரண்டுக்கும் எடுத்து வைப்பது கெட்டிக்காரத்தனம். ஒரு பெரிய மெஷினைவிட இரண்டு சின்ன மெஷின் என்பதும் ஈர ஊரில் பொருந்தும்: ஒன்று போனாலும் மற்றது ஓடும், மழை நாளில் ஒன்றை மட்டும் இடைவிடாது ஓடவிட்டால் அதிக ஈரத்தைப் பிழியும். அளவுக்கு மீறிய டன் உள்ள ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். இன்வெர்ட்டரும் வேகத்தை ரொம்பக் குறைத்து ஓடும்போது காயில் போதிய அளவு குளிராமல் ஈரத்தை விட்டுவிடும். அந்த நாட்களில் டிரை மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஓட்டல்களில் ரிப்பேர் ஆளே தேவைப்படாத ஒரு கோளாறு உண்டு. கிச்சன் எக்ஸாஸ்ட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால், கதவு இடுக்கெல்லாம் தெருவின் ஈரக்காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று சீலிங்கில் ஏசி காற்று வெளிவரும் குளிர்ந்த ஜன்னலைத் (டிஃப்யூசர்) தொட்டதும் வியர்த்துச் சாப்பிடுபவர் தலையில் சொட்டும். இதற்காக, டக்ட் வழியே காற்று அனுப்பும் டக்டபிள் மெஷினையே மாற்றிவிட்டு, மாற்றிய பிறகும் சொட்டுகிறது என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு. கதவை லேசாகத் திறந்து வாசலில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். அது வேகமாக உள்ளே இழுக்கப்பட்டால் கோளாறு ஏசியில் இல்லை, கிச்சனுக்குக் காற்று கொண்டுவரும் ஃபேனில்தான். குழாய் மேலிருக்கும் கறுப்பு இன்சுலேஷன் கிழிந்திருந்தாலும் இதே சொட்டல். ஒட்டவைக்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

எந்த வழியில் போனாலும் கடலோரத்தில் அவுட்டோரை மாதம் ஒருமுறை, சாதாரண நல்ல தண்ணீரால், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் வேண்டாம். தகடு பளபளக்க ஆசிட் கலந்த கிளீனர் அடிப்பவரைத் தடுத்துவிடுங்கள், அழுக்கோடு பூச்சும் போய்விடும். குழாயைத் திறக்கும் வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை இருக்காது, மெக்கானிக்கும் நின்று வேக்குவம் போடுவார். சித்திரை பிறந்துவிட்டால் அவருக்கு நாளுக்குப் பத்து வீடு.